சேலத்திலும் ஏற்காட்டிலும் சுவர் ஓவன், வார்மிங் டிராயர் வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியவை

சுவர் ஓவன் என்பது அலமாரிப் பெட்டிக்குள் பதித்து வைக்கும் ஓவன்; வார்மிங் டிராயர் என்பது சமைத்ததைச் சூடாகவே வைத்திருக்கும் இழுப்பறை. ஷோரூமில் கண்ணாடிக் கதவும் தொடுதிரையும்தான் முதலில் கண்ணில் படும். வீட்டுக்கு வந்தபின் அந்த ஓவன் ஒழுங்காக உழைக்குமா என்பதை வேறு மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: அது உட்காரும் பெட்டியின் உள்ளளவு, அதற்கு வரும் ஒயர், அதன் முதுகுப்பக்கம் காற்று போகும் வழி. தச்சு வேலையும் பூச்சு வேலையும் முடிந்துவிட்டால் இந்த மூன்றையும் திருத்துவது ஓவன் விலையில் பாதியைத் தின்றுவிடும். அதனால் முதலில் இடம், அடுத்து கரண்ட், கடைசியில்தான் மாடல்.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வரும் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். கீழே வெயிலும் உப்புத் தண்ணீரும் பிரச்சினை. மேலே ஈரமும் இடியும் வோல்டேஜும் பிரச்சினை. ஒரே மாடலை இரண்டு ஊரிலும் மாட்டலாம், ஆனால் கவனிக்க வேண்டியவை மாறும்.

எந்த அளவு வேண்டும்

சுவர் ஓவன்கள் பெரும்பாலும் இரண்டு உயரத்தில் வருகின்றன. முழு அளவு ஓவன் முகப்பில் ஏறக்குறைய 595 மி.மீ. அகலம், 595 மி.மீ. உயரம், உள்ளே 65 முதல் 75 லிட்டர் இடம். காம்பாக்ட் ஓவன் அதே அகலம், உயரம் மட்டும் 455 மி.மீ.; உள்ளே 45 லிட்டர் அளவு. மைக்ரோவேவும் ஓவனும் சேர்ந்த காம்பி மாடல்களும் ஸ்டீம் ஓவன்களும் பெரும்பாலும் இந்தக் காம்பாக்ட் உயரத்தில்தான் கிடைக்கும்.

வாரம் ஒருமுறையாவது கேக், பிரெட், பிஸ்கட் என்று சுடுகிற வீட்டுக்கு முழு அளவு ஓவனே சரி. இரண்டு ட்ரேயை ஒரே நேரத்தில் வைக்கலாம், முழுக் கோழியைச் சுழலும் கம்பியில் கோத்து கிரில் செய்யலாம். மைக்ரோவேவைத் தனியாக மேடைமேல் வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் ஓரிரு நாள் கேக், மற்ற நாளெல்லாம் பால் சூடாக்குவதும் நேற்றைய குழம்பைச் சூடாக்குவதும்தான் என்றால் 45 லிட்டர் காம்பி போதும். காம்பியில் இருக்கும் சங்கடம், கேக் உள்ளே வெந்துகொண்டிருக்கும் 40 நிமிடமும் மைக்ரோவேவ் உங்களுக்குக் கிடைக்காது. கூட்டுக் குடும்பத்தில் இது தினசரி உரசலாகிவிடும்.

காம்பாக்ட் ஓவனை எடுத்தால் இன்னொரு வசதி உண்டு. அதன் 45 செ.மீ. உயரமும் சிறிய வார்மிங் டிராயரின் 14 செ.மீ. உயரமும் சேர்ந்தால் ஒரு முழு அளவு ஓவனின் உயரம் வந்துவிடும். பக்கத்தில் முழு அளவு ஓவன் ஒன்று இருந்தால் மேல்கோடும் கீழ்கோடும் நேராக நிற்கும். பல கம்பெனிகள் டிராயரின் மேலேயே, நடுவில் பலகை இல்லாமல், ஓவனை உட்கார வைக்கச் சொல்கின்றன. ஆனால் எல்லா ஓவனையும் எல்லா டிராயர்மேலும் ஏற்ற முடியாது. ஒரே கம்பெனி, முடிந்தால் ஒரே சீரிஸ் எடுங்கள். எந்த ஓவன் எந்த டிராயர்மேல் ஏறும் என்பதை வரைபடத்தில் பார்த்து உறுதி செய்துகொண்டு பணம் கட்டுங்கள். கறுப்புக் கண்ணாடியிலேயே கம்பெனிக்குக் கம்பெனி சாயல் மாறும் என்பதும் அப்போதுதான் தெரியும்.

ஆசாரியிடம் சொல்ல வேண்டிய அளவுகள்

பெரும்பாலான மாடல்கள் கேட்கும் உள்ளளவு: அகலம் 560 முதல் 568 மி.மீ., ஆழம் குறைந்தது 550 மி.மீ., உயரம் முழு அளவு ஓவனுக்கு 585 முதல் 600 மி.மீ. வரை, காம்பாக்ட்டுக்கு 450 மி.மீ. சுற்று. சரியான எண் உங்கள் மாடலின் வரைபடத்தில் இருக்கும். அதை அச்செடுத்து ஆசாரியின் கையில் கொடுங்கள். போனில் படம் அனுப்பினால் போதாது, சின்னத் திரையில் 560-ம் 590-ம் ஒன்றாகத் தெரியும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். ஓவன் உட்காரும் உயரமான அலமாரியான டால் யூனிட்டின் வெளியளவு 600 மி.மீ. என்று வைத்துப் பெட்டி செய்வார்கள். 18 மி.மீ. பலகை இரண்டு பக்கமும் போக உள்ளே 564 மி.மீ. மிஞ்சும்; ஓவன் உள்ளே போகும். ஆனால் நம் பக்கம் 19 மி.மீ. பிளைவுட் போட்டு உள்பக்கமும் 1 மி.மீ. மைக்கா ஒட்டுவது வழக்கம். இரண்டு பக்கமும் சேர்த்து 40 மி.மீ. போய்விடும், மிஞ்சுவது சரியாக 560. பெட்டி கொஞ்சம் கோணலாக இருந்தாலும், பசை ஒரு இடத்தில் தடித்து நின்றாலும் 557 ஆகிவிடும். 35, 40 கிலோ எடையுள்ள ஓவனைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் நிற்கும்போதுதான் இது தெரியவரும். அப்புறம் உளியால் மைக்காவைச் சுரண்டுவார்கள். வெளியளவை மறந்துவிட்டு, மைக்கா ஒட்டியபின் உள்ளே 564 கிடைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். மேலே, நடுவே, கீழே மூன்று இடத்தில் டேப் வைத்துப் பாருங்கள்; மூலைக்கு மூலையும் அளந்து பாருங்கள், இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக இருந்தால்தான் பெட்டி சதுரம்.

அடிப்பலகை ஓவனின் முழு எடையையும் தாங்க வேண்டும். வெறும் ஆணி போதாது. இரண்டு பக்கமும் கீழே ரீப்பர் கொடுத்து அதன்மேல் பலகை உட்கார வேண்டும். ரசமட்டம் வைத்துப் பார்ப்பதும் அவசியம். முன்பக்கம் சரிந்திருந்தால் ட்ரேயில் ஊற்றிய கேக் மாவு ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் வேகும். அதைப் பார்த்து ஓவனைக் குறை சொல்வார்கள்.

பலகையின் ரகம். சேலத்தில் இப்போது பிவிசி பலகைக் கிச்சன்கள் நிறைய. கரையான் வராது, தண்ணீர் பட்டாலும் ஊறாது, விலையும் குறைவு. மற்ற அலமாரிகளுக்கு அது நல்ல தேர்வுதான். ஓவன் பெட்டிக்கு மட்டும் வேண்டாம். ஓவன் கம்பெனிகள் சுற்றியுள்ள பலகை 90 டிகிரி செல்சியஸ் அளவு வெப்பத்தைத் தாங்க வேண்டும் என்கின்றன. பிவிசி அதற்கு முன்பே இளகத் தொடங்கும். மெல்ல வளையும், திருகாணி பிடி விடும், ஓவன் முன்னால் சாயும். டால் யூனிட்டை மட்டும் ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டில் செய்து, வெளிப்பக்கம் மற்ற அலமாரியோடு நிறம் சேரும் மைக்கா ஒட்டிக்கொள்ளலாம். பிவிசி படலம் சூட்டில் ஒட்டிய எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) கதவுகள் ஓவனுக்குப் பக்கத்திலோ மேலேயோ வந்தால் ஓரங்கள் உரியும். அந்த இடத்துக்கும் மைக்காவே நல்லது.

கடப்பா கல் பலகை போட்டுக் கட்டிய பழைய சமையலறைகளும் இங்கே ஏராளம். கல் வெப்பத்தைத் தாங்கும், எடையையும் தாங்கும். அதில் ஓவன் வைக்கலாம், ஆனால் இரண்டு வேலை பாக்கி இருக்கும். பக்கவாட்டில் திருகாணி பிடிக்க மரச்சட்டம் அடிக்க வேண்டும். பின்பக்கம் சுவரோடு மூடிக்கிடப்பதால் சூடான காற்று வெளியேற வழி செய்ய வேண்டும்.

காற்று போகும் வழி

ஓவனுக்குள் ஒரு குளிர்விக்கும் விசிறி இருக்கிறது. அது எலெக்ட்ரானிக் பகுதிகளைச் சுற்றியுள்ள சூட்டை இழுத்து, கதவுக்கு மேலே உள்ள மெல்லிய இடைவெளி வழியாக முன்பக்கம் ஊதும். இழுப்பதற்குக் குளிர்ந்த காற்று எங்கிருந்தாவது வர வேண்டும். அதனால் ஓவன் இருக்கும் பகுதிக்குப் பின்பலகை அடிக்கக் கூடாது. அடிப்பலகையின் பின்பக்கம் சுவர்வரை போகாமல் 35 முதல் 50 மி.மீ. இடைவெளி விட வேண்டும். கீழே பிளிந்தில் (அலமாரியின் அடியை மறைக்கும் பட்டையில்) ஒரு கம்பி ஜாலி, மேலே லாஃப்ட்டின் பின்னால் திறப்பு. கீழே புகுந்து மேலே போகும் ஒரு புகைபோக்கி மாதிரி அந்தப் பின்வெளி வேலை செய்யும்.

இதை அடைத்துவிட்டால் என்ன ஆகும்? ஏப்ரல், மே மாதத்தில் சேலத்துச் சமையலறை ஏற்கெனவே 38, 40 டிகிரியில் இருக்கும். ஓவன் தன் பாதுகாப்புக்காக நடுவிலேயே நின்றுவிடும், அல்லது விசிறி மணிக்கணக்கில் ஓடும். ஓரிரு வருடத்தில் கன்ட்ரோல் போர்டு போகும். சர்வீஸ் ஆள் போர்டை மாற்றிவிட்டுப் போவார், அடைப்பு அப்படியே இருக்கும், அடுத்த போர்டும் போகும்.

கட்டுப்பாட்டுப் பலகைக்குக் கீழே உள்ள இடைவெளியில் துணி மாட்டி உலர்த்தும் பழக்கம் பலருக்கு உண்டு. அதுவும் இதே கெடுதலைச் செய்யும். அழகுக்காக ஓவனுக்கு முன்னால் இன்னொரு மரக்கதவு போட்டு மறைப்பதும் கூடாது. இன்னொன்று மிக முக்கியம்: கேஸ் அடுப்புக்குப் போகும் ரப்பர் டியூப் ஓவன் பெட்டியின் பின்னாலோ உள்ளாலோ போகவே கூடாது. மேடைக்குக் கீழே ஓவன், மேலே அடுப்பு என்று வைப்பவர்கள் இதில் ஏமாறுகிறார்கள். டியூப் போகும் பாதையை மாற்றிவிட்டு அப்புறம் ஓவனை வையுங்கள்.

எந்த உயரத்தில்

வெளிநாட்டுப் படங்களில் ஓவன் கண்ணுக்கு நேராக இருக்கும். ஐந்தடி உயரமுள்ள ஒருவர் அதிலிருந்து கொதிக்கும் எண்ணெய் தெறிக்கும் ட்ரேயை எடுத்தால் முகத்துக்கு நேரே வரும். அளவு எடுக்கும் வழி எளிது. அந்த வீட்டில் அதிகம் சமைப்பவர் செருப்பில்லாமல் நிற்கட்டும்; கையை மடக்கினால் முழங்கை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஐந்தடி உயரம் இருப்பவருக்கு 95 செ.மீ. அளவில் வரும். ஓவனின் நடுத்தட்டு அந்த உயரத்திலோ கொஞ்சம் கீழேயோ இருக்க வேண்டும். நடுத்தட்டு ஓவனின் அடியிலிருந்து சுமார் 30 செ.மீ. மேலே. ஆக ஓவனின் அடி தரையிலிருந்து 65 செ.மீ. வார்மிங் டிராயர் கீழே வந்தால் அதன் அடி 51 செ.மீ.யில் நிற்கும், அதுவும் அதிகம் குனியாமல் எட்டும் உயரம்தான். அதற்கும் கீழே இருக்கும் இடத்தில் ட்ரேக்கள் வைக்க ஓர் இழுப்பறை போட்டுக்கொள்ளலாம்.

கதவு கீழ்நோக்கித் திறந்தால் முன்னால் அரை மீட்டர் நீளும். எதிர்ச் சுவருக்கோ எதிர் மேடைக்கோ 110 செ.மீ. இடைவெளியாவது இருந்தால்தான் கதவு திறந்திருக்கும்போது ஒருவர் நின்று ட்ரேயை இழுக்க முடியும். சூடான ட்ரேயை இறக்கி வைக்க ஓவனுக்குப் பக்கத்திலேயே 40 செ.மீ. கிரானைட் மேடையாவது வேண்டும். ஒரு மூலையில் டால் யூனிட், இன்னொரு மூலையில் மேடை என்று பிரித்துவிட்டால் தினமும் சூட்டைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிவரும். ஃபிரிட்ஜை ஓவனோடு ஒட்டி வைக்காதீர்கள். நடுவில் ஒரு பலகைத் தடுப்பும் கொஞ்சம் காற்றிடமும் இருக்கட்டும்.

கரண்ட்

முழு அளவு ஓவன்கள் 2.8 முதல் 3.6 கிலோவாட் வரை இழுக்கும். 3.5 கிலோவாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 15 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். 16 ஆம்பியர் சாக்கெட்டின் விளிம்பில் நிற்கும் அளவு இது. அதனால் மெயின் போர்டிலிருந்து ஓவனுக்கென்று தனி லைன்: 4 சதுர மி.மீ. செம்பு ஒயர், 20 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்), 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானாக அணையும் சுவிட்ச்). வேறு எதையும் அந்த லைனில் கோக்கக் கூடாது. பழைய வீடுகளில் கிரைண்டருக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் ஓடும் 2.5 ஒயரிலேயே ஒரு 16 ஆம்பியர் சாக்கெட்டைத் தட்டிவிட்டு ‘பவர் பாயின்ட் இருக்கிறது’ என்பார்கள். முதல் நாள் ஓடும். மாதங்கள் போகப் போக சாக்கெட்டின் பித்தளைக் கிளிப் சூடேறிக் கறுக்கும், பிளக்கின் முள் உருகும். அரைமணி நேரம் ஓவன் ஓடியபின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள்; இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்துங்கள்.

டிராயருக்குத் தனி சாக்கெட். அது மாடலைப் பொறுத்து 400 முதல் 800 வாட் இழுக்கும். ஓவனோடு சேர்த்தால் 4.3 கிலோவாட், ஏறத்தாழ 19 ஆம்பியர். மல்டி பிளக்கில் இரண்டையும் சொருகுவது தீயை அழைப்பது.

சாக்கெட்டை ஓவனுக்கு நேர் பின்னால் வைத்தால் பிளக்கின் தடிமனால் ஓவன் 5 செ.மீ. வெளியே துருத்தி நிற்கும். பக்கத்து அலமாரிக்குள்ளோ லாஃப்ட்டிலோ வையுங்கள். சுவிட்ச் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

வீட்டில் சிங்கிள் பேஸ் இணைப்பு மட்டும் இருந்து, ஏசி, வாட்டர் ஹீட்டர், ஓவன் மூன்றும் ஒன்றாக ஓடும் வாய்ப்பு இருந்தால், மின்வாரிய அலுவலகத்தில் உங்கள் இணைப்புக்கு ஒப்புதல் பெற்ற மின்பளு எவ்வளவு என்று கேட்டுவிட்டு மாடலை முடிவு செய்யுங்கள். கட்டணத்தைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். 180 டிகிரியில் ஒரு மணி நேரம் ஓட்டினால் தோராயமாக ஒரு யூனிட்தான். தெர்மோஸ்டாட் ஹீட்டரை அணைத்து அணைத்துப் போடுவதால் 3.5 கிலோவாட்டும் முழு நேரம் ஓடாது. இருந்தாலும் இரண்டு மாதக் கணக்கில் அடுத்த ஸ்லாபைத் தொடும் நிலையில் இருக்கும் வீடுகள் கணக்குப் பார்ப்பது நல்லது.

இன்வெர்ட்டரில் ஓவன் ஓடாது. கரண்ட் போய்விட்டால் குளிர்விக்கும் விசிறியும் நின்றுவிடும்.  அதேபோல் சமையல் முடிந்த உடனே சுவர் சுவிட்சை அணைக்கும் நம் பழக்கத்தை ஓவனிடம் மட்டும் விட்டுவிடுங்கள். விசிறி தானாக நிற்கும்வரை விடுங்கள்.

ஓவனுக்குள் என்ன இருக்க வேண்டும்

மேல் கீழ் ஹீட்டர், கிரில், விசிறியைச் சுற்றி மூன்றாவதாக ஒரு வளைய ஹீட்டர். இந்த மூன்றாவதைக் கேட்டு வாங்குங்கள். விலை குறைந்த மாடல்களில் விசிறி மட்டும் இருக்கும். கீழ் ஹீட்டரின் சூட்டைத்தான் அது சுழற்றும், அதனால் இரண்டு ட்ரே வைத்தால் கீழ் ட்ரே கருகும், மேல் ட்ரே வெளுத்திருக்கும். வளைய ஹீட்டர் இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே நிறத்தில் வரும். செய்முறையில் மேல் கீழ் சூட்டில் 180 என்று இருந்தால் விசிறிச் சூட்டில் 160 வையுங்கள்.

ட்ரேயோடு சேர்ந்து வெளியே நீளும் டெலஸ்கோபிக் ரெயில் ஒரு ஜோடியாவது இருக்கட்டும். கனமான ட்ரே பாதி வெளியே வந்த நிலையில் சாயாமல் நிற்கும். தொடுதிரையா குமிழா என்றால், எண்ணெய்க் கையும் ஈரக் கையுமாகச் சமைக்கும் வீட்டுக்குக் குமிழே மேல்.

சுத்தம் செய்ய மூன்று முறைகள் விற்கிறார்கள். பைரோலிட்டிக்கில் ஓவன் தன்னை 480 டிகிரி அளவுக்குச் சூடேற்றி, ஒட்டிய எண்ணெயையெல்லாம் சாம்பலாக்கும், துடைத்தால் போதும். கோழி, மீன் அடிக்கடி கிரில் செய்யும் வீட்டுக்கு அதன் கூடுதல் விலை தகும். ஆனால் பெட்டியின் காற்றுவழி சரியில்லாத வீட்டில் அதை வாங்காதீர்கள். கேட்டலிட்டிக் தகடுகள் பக்கவாட்டு எண்ணெய்த் தெறிப்பை மட்டும் பார்த்துக்கொள்ளும், சில வருடங்களில் மாற்ற வேண்டும். நீராவிச் சுத்தம் என்பது அழுக்கை ஊறவைக்கும் வசதி, அவ்வளவுதான், தேய்ப்பது நீங்கள்தான்.

ஸ்டீம் ஓவன் எடுத்தால் தண்ணீரைப் பாருங்கள். சேலத்து போர் தண்ணீர் பல இடங்களில் கடினமானது. பாய்லருக்குள் சுண்ணாம்பு படிந்து சென்சாரை மூடிவிடும். முதல் இயக்கத்திலேயே தண்ணீரின் கடினத்தன்மையை மெனுவில் சரியாக அமையுங்கள், காவிரித் தண்ணீர் வரும் வீடுகளில் அதையே ஊற்றுங்கள். ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிகக் குறைந்துவிட்டால் சில மாடல்கள் தொட்டி காலி என்று காட்டும். புத்தகத்தில் அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

வார்மிங் டிராயர்: நம் சாப்பாட்டுக்கு எப்படி

டிராயரின் வேலை ஒன்றே: சூடாக இருப்பதைச் சூடாகவே வைத்திருப்பது. 30 முதல் 80 டிகிரி வரை நிலைகள் இருக்கும். ஆறிப்போன குழம்பை அதில் வைத்துச் சூடாக்க முயன்றால் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடந்து கிருமி பெருகும், குறிப்பாகச் சோற்றில். அடுப்பிலிருந்து கொதிக்க இறக்கியதை நேராக உள்ளே வையுங்கள், 60 டிகிரிக்குக் கீழே போகாத நிலையில் வையுங்கள், இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறிவிடுங்கள்.

வாங்கும்போது ஏமாற்றம் தருவது உள்ளுயரம். வெளியே 14 செ.மீ. என்றால் உள்ளே பாத்திரம் நிற்கக் கிடைப்பது 8, 9 செ.மீ.தான். தட்டுகளும் டபராவும் அகலமான தாம்பாளமும் போகும். காபி டம்ளரே தலை தட்டலாம். குக்கர், குழம்புச் சட்டி, ஹாட் பேக் எதுவும் போகாது. நம் வீட்டுச் சாப்பாட்டுக்கு வேண்டியது 29 செ.மீ. டிராயர். அது முடியாவிட்டால் உங்களிடம் உள்ள மூடியுடன் கூடிய எவர்சில்வர் பாத்திரங்களில் மூடியின் கைப்பிடியோடு சேர்த்து உயரத்தை அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். முடிந்தால் அந்தப் பாத்திரத்தையே கொண்டுபோய் உள்ளே வைத்து மூடிப் பாருங்கள்.

அடித்தளம் பெரும்பாலும் கண்ணாடி. அடி தட்டையான பாத்திரம்தான் சூட்டை நன்றாக வாங்கும். உருண்டை அடிப் பாத்திரம் வைத்தால் நடுவில் மட்டும் சூடாகும். கதவில் கைப்பிடி இல்லாமல் தள்ளினால் திறக்கும் வகை அழகு, ஆனால் இடுப்புப் பட்டால்கூடத் திறந்துகொள்ளும். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் கைப்பிடி உள்ளதே நல்லது.

எது தாங்கும், எது தாங்காது? சீரகச் சம்பா பிரியாணியை மூடிபோட்டு 75 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் உதிரியாகவே இருக்கும். பொங்கல், சாம்பார், குருமா எல்லாம் சமர்த்தாக இருக்கும். சப்பாத்தியை ஈரம் பிழிந்த துணியில் சுற்றி மூடிய டப்பாவில் வைக்க வேண்டும், இல்லையென்றால் அப்பளமாகிவிடும். வடை, பஜ்ஜியை மூடாமல், காகிதம் விரித்த தட்டில், ஈரம் வெளியேற வழியோடு 80-ல் வையுங்கள். அரைமணிக்கு மேல் வேண்டாம். தோசையை வைக்கவே வைக்காதீர்கள், எந்தக் கதகதப்பும் அதன் மொறுமொறுப்பைக் காப்பாற்றாது. பிளாஸ்டிக் டப்பா உள்ளே போகக் கூடாது.

ஏற்காட்டு வீடுகளில் டிராயர் தன் விலையைச் சம்பாதிப்பது மாவிலும் தயிரிலும்தான். டிசம்பர், ஜனவரிக் குளிரில் இட்லி மாவு இரவு முழுக்க வைத்தாலும் அசையாது. மாவு நன்றாகப் புளிக்க 28 முதல் 32 டிகிரி வேண்டும். டிராயரின் மிகக் குறைந்த நிலை 30 என்றால் அப்படியே வைக்கலாம். குறைந்த நிலையே 40 என்றால் காலியாக 20 நிமிடம் ஓட்டி, அணைத்துவிட்டு, மாவை வைத்து மூடுங்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் போட்டால் போதும். தொடர்ந்து 40-ல் விட்டால் அடிமாவு புளித்து நாறும், மேல்மாவு பொங்காது. பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாமல், கீழே ஒரு தாம்பாளமும் வையுங்கள். பொங்கி வழிந்த மாவு ஓரத்து இடுக்கில் இறங்கி விசிறிக்குப் போனால் டிராயரையே கழற்ற வேண்டும். உறை ஊற்றிய பாலுக்கு 40 டிகிரி சரியான சூடு. ஐந்தாறு மணி நேரத்தில் கெட்டியாகிவிடும்.

மலைமேல் கூடுதலாக

ஏற்காட்டில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். ஸ்டீம் ஓவன்கள் பல, முதல்முறை இயக்கும்போது அந்த இடத்தின் கொதிநிலையைத் தாமே கற்றுக்கொள்ளும் வசதியோடு வருகின்றன. கீழே சேலத்தில் டெமோ முடித்து மேலே கொண்டுவந்திருந்தால், ஏற்காட்டில் அந்த அளவுத்திருத்தத்தை மறுபடி செய்யுங்கள். இல்லாவிட்டால் தேவைக்கு மேல் நீராவி விட்டுக் கதவெல்லாம் சொட்டும். இட்லிக்கு இரண்டு நிமிடம் கூடுதலாக வையுங்கள்.

கேக் மேலே பொங்கி நடுவில் குழிவது ஓவனின் குறையல்ல. காற்றழுத்தம் குறைவு என்பதால் பேக்கிங் பவுடரின் வாயு அதிகம் விரிகிறது, மாவு வெந்து இறுகும் முன்பே குமிழ்கள் உடைகின்றன. பேக்கிங் பவுடரில் ஐந்தில் ஒரு பங்கைக் குறையுங்கள், ஒரு கப் சர்க்கரைக்கு ஒரு டேபிள் ஸ்பூன் குறையுங்கள், பாலோ தண்ணீரோ இரண்டு மூன்று டேபிள் ஸ்பூன் கூட்டுங்கள், சூட்டை 10 டிகிரி ஏற்றுங்கள்.

வோல்டேஜ் 200-க்கு இறங்கினால் ஹீட்டரின் சக்தி முக்கால் பங்காகிவிடும். 180-ல் அறுபது சதவீதம்தான். கேக் தப்பிக்கும், முன்சூடேற்றம்தான் நீளும். கிரில்தான் பாதிக்கப்படும், கோழி சிவக்காமல் காய்ந்துபோகும். அடிக்கடி இறங்கும் இடம் என்றால் 5 கேவிஏ ஸ்டெபிலைசர். கோடை மழை இடிக்கும் ஐப்பசி இடிக்கும் மெயின் போர்டில் சர்ஜ் பாதுகாப்புக் கருவி ஒன்றும் வேண்டும். பாறை நிலத்தில் எர்த் சரியாகப் பிடிக்காது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்து, 2, 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் குழியைச் சரிசெய்துவிட்டு ஓவனை இணையுங்கள்.

வாரக்கடைசிக்கு மட்டும் திறக்கும் வீடுகளில் ஒரு விசித்திரம் நடக்கும். ஓவனைப் போட்டதும் ஆர்சிசிபி விழும். ஹீட்டர் குழாய்க்குள் கம்பியைச் சுற்றி மக்னீசியம் ஆக்சைடு தூள் அடைத்திருப்பார்கள். மலையடிவாரத்துச் சுரங்கங்களில் எடுக்கும் நம் சேலத்து வெள்ளைக்கல்லைச் சுட்டால் கிடைப்பதும் இதே பொருள்தான், உலைச் செங்கல்லுக்குப் போவது. சூட்டைத் தாங்கும், மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் ஈரத்தை உறிஞ்சும். மாதக்கணக்கில் பனிமூட்டத்தில் சும்மா கிடந்தால் அந்த ஈரம் வழியாக மின்கசிவு வரும். கிரிலில் விழுந்தால் விசிறிச் சூட்டில் போட்டுப் பாருங்கள். ஒரு ஹீட்டர் ஓடினால் 100 டிகிரியில் ஒரு மணி நேரம் விட்டால் மற்றவையும் காய்ந்துவிடும். எந்த ஹீட்டரைப் போட்டாலும் ஆர்சிசிபி விழுகிறது என்றால் ஆளைக் கூப்பிட்டு மெகர் (மின்கசிவைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்க்க வேண்டும். ஆர்சிசிபியை எடுத்துவிட்டு நேராக இணைப்பதும், எர்த் ஒயரைக் கழற்றிவிடுவதும் உயிரோடு விளையாடுவது. வராமல் தடுக்க, அங்கே போகும் ஒவ்வொரு முறையும் காலி ஓவனை 100 டிகிரியில் அரைமணி ஓட்டுங்கள்.

பணம் கட்டும்போதும் மாட்டும்போதும்

சேலத்திலேயே சர்வீஸ் ஆள் இருக்கிறாரா, ஏற்காட்டுக்கு வர தனிக் கட்டணமா, கன்ட்ரோல் போர்டுக்கும் கதவுக் கண்ணாடிக்கும் எத்தனை வருட வாரன்டி என்று எழுத்தில் வாங்குங்கள். பில்லில் முழு மாடல் எண் இருக்கட்டும். ஒரே பெயரில் கடைசி இரண்டு எழுத்து மட்டும் மாறி, வளைய ஹீட்டர் இல்லாத மாடல் வந்து சேர்வது உண்டு.

மாட்டியபின் பக்கவாட்டுத் திருகாணிகள் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். போடாமல் விட்டால், கதவைத் திறந்து கனமான ட்ரேயை இழுக்கும்போது ஓவன் முழுதாக முன்னால் சாயும். உள்ளே ஒட்டிய படலம், தெர்மாகோல், பிளாஸ்டிக் கட்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, காலி ஓவனை 240 டிகிரியில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். புகையும் வாடையும் வரும், அது பூச்சு எண்ணெய் எரிவது. ஆறியபின் ஒரு ஓவன் தெர்மாமீட்டரை நடுத்தட்டில் வைத்து 180-ல் போட்டு, ஹீட்டர் மூன்று முறை அணைந்து எரிந்தபின் பாருங்கள். பத்து டிகிரி முன்னே பின்னே இருப்பது இயல்பு. 25, 30 டிகிரி தள்ளி இருந்தால், மாட்ட வந்த ஆள் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகும் முன்பே சொல்லிப் புகார் எண் வாங்கிவிடுங்கள்.

ஓவனின் அடியில் அலுமினியத் தாள் விரிக்காதீர்கள். கீழ் ஹீட்டரின் சூடு அங்கேயே தேங்கி எனாமல் வெடிக்கும். சூடாக இருக்கும்போது தண்ணீர் தெளித்துத் துடைப்பதும் அதையேதான் செய்யும்.